கவுன்சில் வீடும் முழங்கால் உயரப் புல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே நிற்கும்போது, "தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று யாராவது ஒரு கடித உறையை நீட்டுவார்கள். குளிர்காலத்தில் வருகிற கடிதங்கள் ஹீட்டிங்கையும் பூஞ்சணத்தையும் பற்றியவை. மே பிறந்துவிட்டால் எல்லாம் கார்டன்தான். "உங்கள் தோட்டம் ஒப்பந்தத்தின்படி பராமரிக்கப்படவில்லை, இத்தனை நாளுக்குள் சீராக்கவும்." அம்மாக்களின் கை நடுங்கும். வீட்டால் எழுப்பப்போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு வருவார்கள்.

நான் வழக்கறிஞன் இல்லை. லண்டனில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூராட்சி வாடகைக்கு விடும் வீட்டில், இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், எனக்கும் இரண்டு தடவை அந்தக் கடிதம் வந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சில பெயர்களும் விதிகளும் மாறும்.

கவுன்சில் வீட்டில் இருப்பவர் தோட்டத்தைக் கட்டாயம் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமா?

அநேகமாக ஆம். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலர் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள். "வாடகைக்காரர் புல் வெட்ட வேண்டும்" என்று பாராளுமன்றம் எங்கும் எழுதி வைக்கவில்லை. திறப்பு வாங்கிய அன்று வாசிக்காமலே கையெழுத்து வைத்தோமே, அந்தத் தடித்த ஒப்பந்தம், அதில்தான் அந்த வரி இருக்கிறது. வீட்டை விடுவது கவுன்சிலாக இருந்தாலும், அதேபோல் பொது வீடுகளை வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷனாக இருந்தாலும், உங்களுக்கு மட்டுமேயான தோட்டம் இருந்தால் அப்படியொரு வரி இருக்கும். ஸ்கொட்லாந்தின் மாதிரி ஒப்பந்தம்கூட, தோட்டம் பற்றை பிடிக்காமலும் அலங்கோலமாகாமலும் மற்றவருக்குத் தொல்லையாகாமலும் பார்த்துக்கொள்ள நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. "நியாயமான கவனம்" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூரை, சுவர், பீலி, வடிகால், தண்ணீர்க் குழாய், ஹீட்டிங் ஆகியவற்றை வீட்டுக்காரர் (அதாவது வாடகைக்கு விட்ட கவுன்சில் அல்லது அசோசியேஷன்) தலையில் வைக்கிறது. புல் அதில் இல்லை. ஒரு வாடகைக்காரர் வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1953இல் நீதிபதி டெனிங் ஒரு தீர்ப்பில் பட்டியல் போட்டார்: குளிர்காலத்தில் வெளியூர் போனால் தண்ணீரை நிறுத்து, புகைபோக்கியைத் துப்புரவாக்கு, யன்னலைத் துடை, உன் கழிவால் அடைத்த சிங்கை நீயே எடுத்துவிடு. இன்றைக்கும் வக்கீல்மார் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பட்டியலிலும் தோட்டம் இல்லை. ஆகவே கடிதம் வந்தால் முதல் வேலை, ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து அந்த வரியை வாசிப்பது.

"துப்புரவு" என்றால் என்ன? புல் எத்தனை அங்குலம் இருக்கலாம்?

அங்குலக் கணக்கு பெரும்பாலான ஒப்பந்தங்களில் கிடையாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு துப்புரவாக இருக்கிறது என்றால் அங்கே புல் இல்லை என்று அர்த்தம். விடிய எழும்பி விளக்குமாற்றால் கூட்டி, மண்ணில் அந்த ஈர்க்குக் கோடுகள் தெரிய வேண்டும். வீட்டைச் சுற்றிப் புல் நின்றால் பாம்பு வரும், சோம்பேறிக் குடும்பம் என்று ஊர் சொல்லும். இங்கிலாந்துக்காரருக்கோ புல்தான் துப்புரவு. வெறும் மண் தெரிந்தால் அது கைவிடப்பட்ட இடம்.

இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்வதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு மாமி, மகளுக்குக் கிடைத்த வீட்டின் முன்புறப் புல்லை முழுவதுமாகச் செதுக்கி எறிந்துவிட்டு, இரண்டு மாதம் காலையிலும் பின்னேரமும் கூட்டினார். அந்தத் தெருவிலேயே அதிகம் உழைக்கப்பட்ட தோட்டம் அதுதான். ஒக்டோபர் மழை வந்தது. சேறு நடைபாதைக்கு ஓடியது. பராமரிக்கவில்லை என்று கடிதம் வந்தது. மாமிக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடைமுறையில் ஹவுசிங் அதிகாரி வந்தால் கண் போவது சில இடங்களுக்குத்தான். பழைய மெத்தை, பிரிட்ஜ், சோபா வெளியே கிடக்கிறதா. வேலிச்செடி நடைபாதையை மறித்து நிற்கிறதா. கதவு வரைக்கும் தபால்காரர் நடக்க முடியுமா. நாய்க்கழிவு, சாப்பாட்டுக் குப்பை, எலி. புல் முழங்காலைத் தாண்டினால் கவனிப்பார்கள். கணுக்காலுக்காக யாரும் கடிதம் எழுதிக் கண்டதில்லை.

இந்த விதி எப்போது, ஏன் வந்தது?

தோட்டமும் விதியும் ஒன்றாகவே வந்தன. 1865இல் ஒக்டேவியா ஹில் என்ற பெண்மணி, எழுத்தாளர் ஜோன் ரஸ்கின் கொடுத்த பணத்தில் லண்டன் மேரிலபோனில் சில இடிந்த வீடுகளை எடுத்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். வீடுகளைத் திருத்தினார், நியாயமான வாடகை வைத்தார். வாராவாரம் பெண்கள் வந்து வாடகை வாங்குவார்கள். வாங்கும்போதே வீடு எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஏழைக்கும் பூவும் திறந்த வெளியும் வேண்டும் என்று 1887இல் சதர்க்கில் ஒரு தோட்டம் அமைத்தவரும் அவர்தான். கருணையும் மேற்பார்வையும் ஒரே கையில். இன்றைய கடிதத்திலும் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரிகிறது.

பிறகு முதலாம் உலகப்போர். திரும்பி வந்த படையினருக்கு நல்ல வீடு என்று வாக்குறுதி கொடுத்தார்கள். 1918இல் வந்த, வீடமைப்பு பற்றிய டியூடர் வோல்டர்ஸ் அறிக்கை, நகரத்தில் ஒரு ஏக்கருக்கு 12 வீட்டுக்கு மேல் கட்டக்கூடாது என்றது. வெளிச்சம் வரவும், பின்வளவில் உருளைக்கிழங்கும் கோவாவும் போடவும் இடம் வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இருந்தது. அடுத்த வருடம் அமைச்சர் அடிசனின் சட்டம் கவுன்சில்களைக் கட்ட வைத்தது. அப்படி எழுந்ததில் மிகப் பெரியது டகன்ஹாம் பக்கத்துப் பெக்கன்ட்ரீ: 1921 முதல் 1935 வரை ஏறக்குறைய 26,000 வீடுகள். இன்று ஈஸ்ட் ஹாமிலும் இல்போர்டிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அது பக்கத்து ஊர். ஈஸ்ட் எண்டின் இருட்டு அறைகளிலிருந்து வந்தவர்களுக்கு வாழ்நாளில் முதல் தடவையாகத் தோட்டம் கிடைத்தது. கூடவே தோட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்லும் கைநூலும் கிடைத்தது, சிறந்த தோட்டத்துக்குப் போட்டியும் வைத்தார்கள். பலர் அந்தப் போட்டியில் உயிரைக் கொடுத்துப் பங்குபற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விதி என்றாலே வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் அந்தத் தலைமுறையை விளங்காது.

சொந்த வீட்டுக்காரருக்கு ஒரு விதியும் இல்லையா?

இருக்கிறது. 1990ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டத்தின் 215ஆம் பிரிவின்படி, ஒரு காணியின் அலங்கோலம் சுற்றாடலைக் கெடுக்கிறது என்றால் கவுன்சில் அதன் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். யாருடைய காணி என்பது பொருட்டல்ல. எலிக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மீற்றருக்கு மேல் வளர்ந்து அயலவரின் வெளிச்சத்தை மறைக்கும் பசுமை மாறா வேலிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம். தொடர்ந்து தொல்லை கொடுப்பவருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எச்சரிக்கையும் நோட்டீஸும்.

வித்தியாசம் முடிவில்தான். சொந்த வீட்டுக்காரருக்கு ஆகக்கூடியது அபராதமும் துப்புரவாக்கிய செலவும். வாடகைக்காரரின் கடிதத்தில் மட்டும் கடைசிப் பந்தியில் "உங்கள் குடியிருப்புரிமை" என்ற சொல், அதாவது அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமை, எட்டிப் பார்க்கும்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகள் ஒட்டி நிற்கின்றன. மூன்றையும் கட்டியது கவுன்சில். ஒன்று இன்னும் கவுன்சிலுடையது. நடு வீட்டை 1980ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையில் அங்கே இருந்தவர் வாங்கினார். இங்கிலாந்தில் அப்படி விற்கப்பட்டவை ஏறக்குறைய 20 லட்சம். மூன்றாவதும் அப்படி விற்கப்பட்டு, பிறகு கை மாறி, இப்போது அறை அறையாக வாடகைக்குப் போகிறது. அதன் முன்னால் இரண்டு மெத்தை கிடந்தது, ஒரு கோடை முழுக்க. கடிதம் வந்தது எனக்கு, ரோஜாச் செடியின் கீழே களை என்று.

சரி, உங்கள் கருத்து என்ன? விதி வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். பற்றைக்குள் எலி குடியிருந்தால் அது என் வீட்டுக்குள் மட்டும் நிற்காது. பொது வீடு என்பது எனக்குப் பிறகு இன்னொரு குடும்பத்துக்குப் போக வேண்டியது. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அதைப் பழுதாக்காமல் கொடுப்பது என் கடன்.

ஆனால் அளவுகோல் தீங்காக இருக்க வேண்டும், ரசனையாக இருக்கக்கூடாது. எலி, குப்பை, மறித்த பாதை, பக்கத்து வேலியைத் தள்ளும் கொடி, இவை தீங்கு. உயர்ந்த புல், பூத்த டான்டலியன், அழகில்லாத தக்காளிக் கம்பு, இவை ஒருவரின் கண்ணுக்குப் பிடிக்காதவை, அவ்வளவுதான். தண்டனையும் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். புல்லுக்காக ஒரு குடும்பத்தின் கூரையைப் பற்றிப் பேசுவதே எனக்குக் கூசுகிறது, அது நடக்காத மிரட்டலாக இருந்தாலும். "அவர்களுக்கு மலிவாக வீடு தந்திருக்கிறோம், புல்லாவது வெட்டட்டும்" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாடகையை நாங்களும் கட்டுகிறோம். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு குடும்பம் இப்படி வாடகைக்கு இருக்கிறது. அத்தனை பேரையும் விருந்தாளி மாதிரிப் பேசுவது சரியில்லை.

வெட்டாவிட்டால் உண்மையாகவே வீட்டால் எழுப்புவார்களா?

நிரந்தரக் குடியிருப்புரிமை உள்ளவரைத் தோட்டத்துக்காக மட்டும் எழுப்புவது மிகக் கடினம். ஒப்பந்தத்தை மீறியது ஒரு காரணம், கவனிக்காமல் விட்டு இடத்தைப் பழுதாக்கியது இன்னொரு காரணம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதுவும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே காரணத்தை நிரூபித்தாலும் போதாது. வீட்டைப் பறிப்பது நியாயம்தானா என்றும் நீதிபதி பார்க்க வேண்டும். முதலில் நடப்பது கடிதம், பிறகு வீட்டுக்கு வருகை, மறுபடி கடிதம்.

ஒரு எச்சரிக்கை. கவுன்சில் வீடு புதிதாகக் கிடைத்தவர்களுக்குப் பல இடங்களில் முதல் 12 மாதம் பரீட்சைக் காலம். அந்தக் காலத்தில் நோட்டீஸை முறைப்படி கொடுத்துவிட்டால் நீதிபதிக்கு மறுக்க இடம் குறைவு. முதல் வருடத்தில் வந்த கடிதத்தைக் குசினி லாச்சிக்குள் வைத்து மறக்காதீர்கள்.

அவர்களே ஆள் அனுப்பி வெட்டிவிட்டுக் காசு கேட்கலாமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் கேட்கலாம். வெட்டுவதற்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், பில், மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தொகை அநியாயமாக இருந்தால் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள்.

எனக்கு 74 வயது, முழங்கால் நோ. குனிய ஏலாது. நான் என்ன செய்ய?

முதலில் அதை அவர்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் இதைத்தான் செய்ய மாட்டார்கள். "பிள்ளைகள் பார்ப்பினம்" என்று சமாளித்துவிடுவார்கள்; பிள்ளை மில்டன் கீன்ஸில் இருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து போவார். நோயைச் சொன்னால் வெட்கம், உதவி கேட்டால் வீட்டைப் பறித்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஒருவரும் அப்படி அனுப்புவதில்லை.

பல கவுன்சில்களும் அசோசியேஷன்களும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தோட்ட உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. கோடையில் சில தடவை புல், வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வேலிச்செடி. சில இடத்தில் இலவசம், சில இடத்தில் சிறு கட்டணம். வீட்டில் வேலை செய்யக்கூடிய இளையவர் இருந்தால் அநேகமாகக் கிடைக்காது.

உதவித் திட்டம் இல்லாத இடத்திலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. நீண்டகால நோயோ இயலாமையோ உள்ள ஒருவரை, அந்த இயலாமையால் வந்த குறைக்காகத் தண்டிப்பதற்கு வீட்டுக்காரர் சரியான காரணம் காட்ட வேண்டும். மனநோயும் இதில் அடக்கம். சாமான் சேர்த்துச் சேர்த்து முற்றம் நிறைந்துபோன வீடுகளைப் பார்த்தால் உடனே "ஊத்தை" என்று சொல்லிவிடுகிறோம். அதில் பல, கணவர் செத்த பிறகோ, போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த பிறகோ, ஒரு பொருளையும் எறிய மனம் வராமல் போன வீடுகள். டொக்டரின் கடிதம் ஒன்றை வாங்கி அனுப்புங்கள்.

வீடு தந்தபோதே காடாகத்தான் இருந்தது. அதையும் நானா வெட்ட வேண்டும்?

இதற்காகத்தான் வீடு பார்க்கப் போகும்போதே போனில் படம் எடுக்கச் சொல்கிறேன். கையெழுத்து வைப்பதற்கு முன் "இந்த முட்பற்றையை அகற்றித் தருவீர்களா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஆம் என்ற பதில் வந்தால் அது பொன். வராவிட்டாலும், பிறகு கடிதம் வருகிற அன்று நீங்கள் காட்டுவதற்கு ஒரு தேதி இருக்கும்.

மூங்கில் மாதிரிக் கணுவும், இதய வடிவ இலையும், கோடை முடிவில் வெள்ளைப் பூவுமாக ஒரு செடி கூட்டமாக நின்றால் கை வைக்காதீர்கள். அது ஜப்பானிய நொட்வீடாக இருக்கலாம். வெட்டிய சிறு துண்டு வேரும் முளைக்கும், சாதாரணக் குப்பையில் போடக்கூடாது. உடனே வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள்.

வேலியும் மரமும் யாருடையவை?

வேலிச் சண்டைக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறை வழக்கு நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், இந்தக் கேள்வி வராமல் போகுமா! "இடதுபக்க வேலி உங்களுடையது" என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அப்படி ஒரு பொதுச்சட்டம் இல்லை. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரிய மரத்தில் ஏறாதீர்கள். அது அநேகமாக வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது, சில மரங்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கும்.

புல்லை எடுத்துவிட்டு மரக்கறி போடலாமா?

பின்பக்கம் போடுங்கள். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பூசணி, தக்காளி எல்லாம் இந்த ஊர்க் கோடையில் வரும். பாகலுக்குப் பந்தல் போட்டுக் காய் பறித்தவர்களைத் தெரியும். கறிவேப்பிலை மட்டும் சாடியிலேயே இருக்கட்டும், குளிருக்கு உள்ளே தூக்க வேண்டும். பார்த்தால் பாத்தி என்று தெரியும்படி வரம்பு கட்டி வையுங்கள். பாத்தி வெட்டியிருந்தால் அதிகாரியின் கண்ணுக்கு அது தோட்டம். பாத்தி இல்லாவிட்டால் களை.

கண்ணாடி வீடு, ஷெட், சீமெந்து போடுதல் என்றால் அனுமதி கேளுங்கள். முன்பக்கத்தில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போடுவதற்கு, 2008 முதல் திட்டமிடல் அனுமதியும் தேவைப்படும். மழைநீர் தெருவுக்கு ஓடி வெள்ளமாகிறது என்பதுதான் காரணம். "கார் விடலாம், களையும் வராது" என்று ஒரு கிழமை விடுமுறையில் சீமெந்து ஊற்றிவிட்டுப் பிறகு உடைத்தவர்கள் உண்டு.

மே மாதம் புல் வெட்ட வேண்டாம் என்று பிரசாரம் நடக்கிறதே?

பிளான்ட்லைப் என்ற அமைப்பு 2019இல் தொடங்கியது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் மே மாதப் பூக்கள் தேவை என்பதற்காக. பல கவுன்சில்கள் தெருவோரப் புல்லை விட்டுவிட்டு "தேனீக்களுக்காக" என்று பலகை நடுகின்றன. அதே மாதத்தில் அந்தப் பலகைக்கு எதிர் வீட்டுக்குப் புல் வெட்டச் சொல்லிக் கடிதம் வந்ததை என் கையால் வாங்கி வாசித்திருக்கிறேன். விரிவான பதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பலகையைப் படம் எடுத்து அனுப்பினோம். மறுகடிதம் வரவில்லை.

வேண்டுமென்றே விடுகிறீர்கள் என்றால் ஓரத்தையும் பாதையோரத்தையும் மட்டும் வெட்டிவிட்டு நடுவை விடுங்கள். வேலிச்செடியைப் பெரிதாக வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குருவி கூட்டில் இருக்கும்போது அதைக் குலைப்பது குற்றம். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை கவனம். "கூடு இருக்கிறது, செப்டம்பரில் வெட்டுகிறேன்" என்பது மறுக்க முடியாத பதில்.

அவர்கள் பூஞ்சணத்தைத் திருத்தவில்லை. நான் மட்டும் ஏன் புல் வெட்ட வேண்டும்?

கோபம் நியாயமானது. 2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, அசோசியேஷன் வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சணத்தால் மூச்சுக்குழாய் பாதித்து இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயரில்தான் இப்போது திருத்த வேலைக்குக் கெடு வைக்கும் சட்டம் வந்திருக்கிறது. சுவர் கறுத்திருக்கும் வீட்டுக்கு வெளியே நின்று புல்லை அளப்பவரைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனாலும் புல்லை விட்டுப் பழி வாங்காதீர்கள். உங்கள் முறைப்பாட்டின் மேல் அவர்கள் கை வைக்க இடம் கொடுப்பது அது. இரண்டையும் வேறு வேறாக எழுதுங்கள். முறையான முறைப்பாடு என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். அவர்கள் அதை ஏற்றுப் பதிவுசெய்த பிறகு, முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாள். அதற்கும் சரிவராவிட்டால், வாடகைக்காரரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன். காசு செலவில்லை.

பக்கத்து வீட்டுப் பற்றையைப் பற்றி நான் முறையிடலாமா?

முதலில் கதவைத் தட்டுங்கள். அங்கே ஒருவர் படுக்கையில் கிடக்கலாம்.

புல் வெட்டும் மெஷின் இல்லை. வாங்க வசதியும் இல்லை.

தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு மெஷின் போதும். எங்கள் வரிசையில் அப்படித்தான் ஓடுகிறது, வயரை மட்டும் அவரவர் பார்த்துக்கொள்கிறோம். சில அசோசியேஷன்கள் மெஷின் இரவல் கொடுக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். முழங்கால் தாண்டிய புல்லில் மெஷினை நேரே விடாதீர்கள், மோட்டார் எரிந்துவிடும்; முதலில் கத்தரியாலோ அரிவாளாலோ பாதியாகக் குறையுங்கள். ஈரமாக இருக்கும்போது வெட்ட வேண்டாம். வெட்டிய புல்லைத் தோட்டக் குப்பைத் தொட்டியில் போட இப்போது பல கவுன்சில்கள் வருடக் கட்டணம் கேட்கின்றன. கட்ட மனமில்லாவிட்டால் பூசணிக்குக் கீழே பரப்பிவிடுங்கள், களை குறையும், தண்ணீரும் காயாது.